பக்கம் நாற்பத்தொன்று

அடி எடுத்துக் கொடுப்பவள் நான்.
பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி,
மடியில் பிரதி,
பிரதிமேல் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு கைவிளக்கு.

நாடகத்தில் ஆண்டு இரண்டாயிரத்து எழுபத்தொன்று.
ஸ்கெல்பி மெதடிஸ்ட் கூடத்திலோ
ஈர மழைக்கோட்டு நாறும் இந்த நவம்பர்தான்.

மூன்றாம் எட்மண்ட் மன்னர்:
கிளிஃபர்ட் ஊத்வெயிட், பேருந்து ஓட்டுநர்.
செங்கோல்: பழைய திரைச்சீலைக் கம்பி,
வளைந்தேதான் கிடைத்தது.
பிரதமர்: மருந்துக்கடை நோரீன் பிளென்கின்.
நாடாளுமன்றம்: அட்டையில் வெட்டிய அறுபது பேர்.
மற்றவர்கள் அவைக்கு வரவில்லை என்று
வைத்துக்கொள்ளுங்கள்.
யாராவது கதவைத் திறந்தால்
அவை மொத்தமும் ஒருபக்கமாய்ச் சாயும்.

கதை இவ்வளவுதான்.
கிழக்குக் கரைக்குக் கல் கொட்டிக் கட்டுப்படியாகாது,
இருபத்திரண்டு ஊர்களைக் கடலுக்கு விட்டுவிடலாம் என்று
கூடி, எண்ணி, வாக்களித்து
ஒரு மசோதா அனுப்புகிறார்கள்.
மன்னர் ஒப்பமிட வேண்டும்.
முந்நூறு ஆண்டுகளாய் எவரும் மறுத்ததில்லை.
இவர் மறுக்கிறார்.

பட்டியலில் பதினான்காவது ஸ்கெல்பி.
எழுதியவர் வேண்டுமென்றே சேர்த்தது.
போன பிப்ரவரியில்
கேரவன் பூங்காவின் கடைசி வரிசை
களிமண் சரிவோடு சேர்ந்து இறங்கிப் போனது.

பக்கம் நாற்பத்தொன்றில்
தட்டச்சு செய்தவர் சொல்லை ஓரத்தில் உடைத்திருந்தார்.
மேல்வரியில் முடி.
கீழ்வரியில் யாது.
முதல் ஒத்திகையில் கிளிஃபர்ட் அப்படியே படித்தார்:
"முடி யாது?"
"அட்டை, தங்கக் காகிதம், நான்கு ஸ்டேப்ளர் பின்"
என்றாள் நோரீன்.

இன்றிரவு சரியாகச் சொன்னார்.
பேனாவை மூடி மேசையில் வைத்து,
"முடியாது."

பிறகு நடந்தது பிரதியில் இல்லை.
மூன்றாம் வரிசையில் நண்டு பிடிக்கும் கென் மெட்கால்ஃப்,
அரண்மனையை விற்று அலைதடுப்புக் கட்டச் சொல்லி
முப்பது வருஷமாய்க் கத்துகிற மனிதர்,
எழுந்து நின்று கைதட்டினார்.
கூடமே எழுந்தது.
நானும்.
என் சமையலறையிலிருந்து விளிம்புக்கு நாற்பது எட்டு,
ஞாயிறுதோறும் எண்ணுகிறேன்.

நோரீன் அடுத்த வசனத்தோடு நின்றாள்:
"எங்களை அனுப்பியவர்கள் இவர்கள், மன்னரே.
உங்களை அனுப்பியது யார்?"
சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.
திரும்பச் சொன்னாள்.
பிறகு என் பக்கம் பார்த்தாள்.
வசனம் மறந்த பார்வை அல்ல அது.
நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தேநீர், எலுமிச்சைக் கேக்.
கிளிஃபர்ட்டுக்கு யாரோ காசு வாங்காமல் கொடுத்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் மன்னர் அவையைக் கலைக்கிறார்.
ராணுவ உடுப்பில் ஆறு சாரணச் சிறுவர்கள் வந்து
உறுப்பினர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள்.
ஒத்திகையில் சிரித்த இடம்.
அட்டை லேசு, சத்தமே வரவில்லை.
யாரோ இரண்டு தட்டுத் தட்டி
நிறுத்திக்கொண்டார்.
கென் மடியில் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மேடையில் மிஞ்சியது
மேசை, வெற்றுத் தாள், கிளிஃபர்ட்.
அவருக்கு மறந்துவிட்டது. நிஜமாகவே.
என் பக்கம் தலை திரும்பியது.
விளக்கை வரிமேல் வைத்தேன்:
"இனி இந்த ஊர்களை நான் ஒருவனே காப்பேன்."
சின்ன வரிதான்.
உதடு அசைந்தது, குரல் எழவில்லை.
முடிக்குக் கீழே அவர் வியர்ப்பது
பத்தடி தள்ளியும் தெரிந்தது.
கடைசியில் ஒளிக்காரப் பையன் தானாகவே
விளக்கை அணைத்துவிட்டான்.

ஒன்பதரைக்கு மழை.
"ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை?" என்றார் கிளிஃபர்ட்.
பதிலுக்கு நிற்கவில்லை,
காலையில் ஆறு பத்துக்கு முதல் வண்டி.
கடைசி நிறுத்தத்தை இந்த மாதம்
இன்னும் அறுபது அடி உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

நோரீன் தாழ்வாரத்தில் தனியாக
நனைந்த உறுப்பினர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
நானும் ஒரு துணி எடுத்தேன்.
பேசவில்லை.
எண்ணிப் பார்த்தோம், நாளைய காட்சிக்கு.
ஐம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினோம்.